மங்கல்

காவல் தலைமையகத்தின் நிலவறையில்
ஆவணப் பிரிவு, மூன்றாவது நாற்காலி.
என் வேலை முகங்களை அழிப்பது.

சீருடையின் நெஞ்சில் மாட்டிய கேமரா
பார்த்ததையெல்லாம்
முப்பது நாளில் ஊருக்குக் காட்ட வேண்டும்;
காட்டுமுன்
வழியோடு போனவர் முகம், கார் எண், கதவிலக்கம்
எல்லாவற்றையும் மங்கலாக்க வேண்டும்.
போன வருஷம் தெருவில் இறங்கி
தொண்டை கிழியக் கத்தி வாங்கிய சட்டம்.
கத்தியவர்களில் என் அக்கா மகன் க்வெண்டலும் ஒருவன்.
இப்போது அவன் என்னோடு பேசுவதில்லை.
"அவர்கள் சம்பளத்தில் சாப்பிடுகிறாய்" என்றான்.
சாப்பிடுகிறேன். வாடகையும் கட்டுகிறேன்.

இதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு.
பொத்தானை அமுக்கினால்
முகங்களைத் தானே தேடிப் புகை பூசும்.
மேலாளர் ஹால்வர்சனை நொடியில் பிடிக்கும்,
ஒருமுறை அவர் நாயையும் பிடித்தது.
எங்கள் முகம் வந்தால் மட்டும் திணறும்.
இரவென்று நினைக்குமோ,
சுவரென்று நினைக்குமோ.
ஆனால் சந்திக் கம்பத்துக் கேமரா
தொப்பி போட்டாலும் குடை பிடித்தாலும்
எங்களில் ஒருவரைக் கண்டுபிடித்துவிடும்,
பாதி நேரம் வேறு யாரையோ.
தேடும்போது தெரிகிற முகம்
மறைக்கச் சொன்னால் தெரிவதில்லை.

ஆகவே கையால் செய்கிறேன்.
நொடிக்கு முப்பது சட்டகம்.

ஓட்டிஸ் கேல் வழக்கு:
பத்தொன்பது நிமிடம், நாற்பது நொடி.
பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று நிறுத்திய கார்.
பதினோராவது நிமிடத்தில் ஒலியை அணைத்துவிட்டேன்.
என் வேலைக்குக் காது தேவையில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
நடைபாதையில் நின்றவர்களை ஒவ்வொருவராக எடுத்தேன்.
பால் புட்டியோடு ஒரு பெண்.
ஸ்கேட் பலகைச் சிறுவன்; அவன் ஓட ஓட
என் வட்டமும் பின்னால் ஓடியது.
அப்புறம்
சலவைக் கடைக் கண்ணாடியில்
சுழலும் துணிகளுக்கு மேலே ஒரு பிம்பம்.
லெமுவல் ப்ரிட்சர்ட்.
வாராவாரம் எனக்குச் சில்லறை மாற்றித் தருபவர்.
"உள்ளே இருந்தேன், எதையும் பார்க்கவில்லை" என்று
விசாரணையில் கையெழுத்துப் போட்டவர்.
கண்ணாடியில் அவர் கை
வாயைப் பொத்தியிருந்தது.

அவருக்கும் கார் ஓட்டுகிற வயதில் இரண்டு பையன்கள்.
சட்டம் மறைக்கச் சொல்கிறது; மறைத்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு சட்டகம்.
இரக்கமா கடமையா என்று கேட்காதீர்கள்,
இரண்டுக்கும் ஒரே பொத்தான்.

வியாழக்கிழமை நகரமன்றத்தில் படம் ஓடியது.
வெளியே வாளிகளைத் தட்டும் சத்தம்.
ஆளுக்கு இரண்டு நிமிடம், பிறகு மணி.
"ஒரு நொடியில் முடிவெடுத்தவனை
ஒரு வருஷம் உட்கார்ந்து எடைபோடாதீர்கள்"
என்றார் காவலர் சங்கத்தார்.
நியாயம் போலத்தான் இருந்தது,
முன்வரிசையில் ஓட்டிஸின் தாயைப் பார்க்கும்வரை.
காவல்துறைப் பணத்தை வெட்டுங்கள் என்றாள் ஒரு மாணவி.
வெட்டினால் ராத்திரி என் தெருவுக்கு யார் வருவார்
என்றாள் அவள் நிறத்து இன்னொருத்தி.
இருவருக்கும் கைதட்டினார்கள்.
நானும் இருவருக்கும் தட்டினேன்.

கடைசியில் லெமுவல்.
மைக்கை இறக்கப் பார்த்து, முடியாமல், நிமிர்ந்து நின்றார்.
"படத்தைப் பின்னால் ஓட்டுங்கள்.
இன்னும். நிறுத்துங்கள்.
கண்ணாடியில் புகை மாதிரி ஒன்று இருக்கிறதே,
அது நான்."
மன்றம் திரையைப் பார்த்தது.
நான் பூசிய புகையைப் பார்த்தது.
"அந்தப் பையனின் கை ஸ்டியரிங் மேல் இருந்தது" என்றார்.
"இரண்டு கையும்."
மணி அடித்தது.
அவர் உட்காரவில்லை.

தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.
சனிக்கிழமை போர்வைகளோடு கடைக்குப் போனேன்.
எதிர்ச் சாரியில் ரோந்துக் கார் ஒன்று,
எஞ்சினை அணைக்காமல்.
லெமுவல் வழக்கம்போலச் சில்லறை எண்ணினார்,
ஒரு தடவை தப்பி, மறுபடி எண்ணினார்.
என் கைவேலை அது என்று
நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை புதுக் கோப்பு.
பொத்தானை அமுக்கினேன்.
முகங்கள் எதுவும் கிடைக்கவில்லை என்றது திரை.

திரையில் ஏழு பேர் இருந்தார்கள்.